கத்தி கேட்கும் கேள்வி

மருத்துவ வரலாறு எழுதப் புகுவோர் பலர், மேதைகள் சிலரின் பெயர்களையும் அவர்கள் கண்ட புதுமைகளையும் வரிசையாக நிறுத்தி, அவ்வளவில் தம் பணி முடிந்ததென அமைதி கொள்வர். கருவி ஒன்று தோன்றிற்று. அதனால் மனிதகுலம் நன்மையடைந்தது என்று இரண்டு வாக்கியங்களில் நூற்றாண்டுகளைக் கடந்துவிடுவர். அக்கருவி யார் கையில் இருந்தது, அதனால் எவர் வாய் திறந்தது, எவர் வாய் அடைக்கப்பட்டது என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை வரலாற்றின் ஒரு கூறினை மட்டும் எடுத்துக்கொண்டு, அவ்வினாக்களையும் உடன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

சத்திரசிகிச்சை மேசையில் ஒரு மனித உடல் கிடக்கின்றது. கத்தியை ஏந்தி நிற்கும் வைத்தியர் முன் இரண்டு கேள்விகள் உள. கையில் அகப்பட்ட இக்கட்டி புற்றுநோய்தானா? ஆமெனில், அது எவ்விடத்தில் முடிந்து நல்ல இழையம் எவ்விடத்தில் தொடங்குகின்றது? குறைத்து வெட்டினால் நோய் எஞ்சி மீண்டும் தலைகாட்டும். மிகுத்து வெட்டினால் பேசும் நாவும், அசையும் கையும், பாலூட்டும் மார்பும் வீணே அழியும். புற்றுநோய்க் கலங்கள் வேலி கட்டி வாழ்வனவல்ல. நல்ல கலங்களினூடே வேர்போல் ஓடிப் பரவுவன. அவற்றின் எல்லை கண்ணுக்கும் விரலுக்கும் எளிதில் புலப்படுவதில்லை. ஆதலின், வெட்டும் வேளையிலேயே விடை காணவேண்டும் என்ற வேட்கை சத்திரவைத்தியரை நெடுங்காலமாக வாட்டி வந்திருக்கின்றது. இன்று அவ்விடையை இழையத்தின் மூலக்கூறுகளிடமே நேரிற் கேட்கும் நிலைக்கு விஞ்ஞானம் வந்துள்ளது. இந்நிலை எங்ஙனம் வந்தது என்பதையும், வந்த விடையைக் கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே நாம் காணவேண்டும்.

கேள்வி கேட்கவே வழியில்லாதிருந்த காலத்திலிருந்து தொடங்குவோம். 1811ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள், ஆங்கில நாவலாசிரியை பனி பேர்னி அம்மையாரின் மார்பகம் ஒன்று பாரிஸ் நகரிலே வெட்டி நீக்கப்பட்டது. வெட்டியவர் நெப்போலியனின் படைகளோடு சென்று பெயர்பெற்ற சத்திரவைத்தியரான லாறே. மயக்கமருந்து அக்காலத்தில் இல்லை. அம்மையார் தாம் உற்ற வேதனையைப் பின்னர் தம் சகோதரிக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். மருத்துவ வரலாற்றில் நோயாளியின் குரல் இத்துணைத் தெளிவாக ஒலிக்கும் ஆவணங்கள் மிகச் சிலவே. அதன்பின் அவர் 28 ஆண்டுகள் உயிர்வாழ்ந்து 1840இல் மறைந்தார். வெட்டி எறியப்பட்டது உண்மையில் புற்றுநோய்தானா, வெறுங்கட்டியா என்பதை இன்று எவராலும் அறுதியிட இயலாது. அன்று வெட்டியவர் தம் விரலின் உணர்வையும் பழக்கத்தையும் நம்பியே வெட்டினார்.

1846இல் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கமருந்து பலரறியப் பயன்படுத்திக் காட்டப்பட்டது. 1867இல் லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்டார். இவ்விரண்டினாலும் சத்திரவைத்தியரின் கத்தி உடலின் உள்ளிடங்களுக்கெல்லாம் துணிந்து செல்லத் தொடங்கிற்று. கத்தியின் துணிவு வளர்ந்த அளவுக்கு அதன் அறிவு வளரவில்லை. அந்த அறிவைத் தரவந்தது நுணுக்குக்காட்டி.

ஜேர்மனியரான றுடோல்ப் விர்ச்சோ 1858இல் வெளியிட்ட கலநோயியல் விரிவுரைகள், நோயின் இருப்பிடம் கலமே என்ற கொள்கையை நிலைநாட்டின. இதே விர்ச்சோதான் 1848இல் மேற்சைலீசியாவிற் பரவிய கொள்ளை நோயை ஆராயச் சென்று, வறுமையும் அறியாமையும் அடக்குமுறையுமே அந்நோயின் வேர்கள் என்று தம் அரசாங்கத்துக்கே அறிக்கை எழுதியவர். கலத்தை நுணுகிப் பார்த்த கண்ணே சமுதாயத்தையும் நுணுகிப் பார்த்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயின், நுணுக்குக்காட்டிக்கும் எல்லை உண்டு. 1887இல் ஜேர்மனியின் பட்டத்து இளவரசர் பிரடெரிக்கின் தொண்டையில் ஒரு வளர்ச்சி காணப்பட்டது. ஜேர்மன் வைத்தியர்கள் அது புற்றுநோய் என ஐயுற்று வெட்டி நீக்க ஆயத்தமாயினர். இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்ட மெக்கன்சி என்னும் வைத்தியர் சிறு துணுக்குகளை எடுத்து விர்ச்சோவிடம் அனுப்பினார். அத்துணுக்குகளில் புற்றுநோய் இல்லை என்றார் விர்ச்சோ. சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது. 1888 மார்ச்சில் அரியணை ஏறிய பிரடெரிக், 99 நாட்களே ஆட்சியிலிருந்து ஜூன் 15ஆம் நாள் தொண்டைப் புற்றுநோயால் மாண்டார். அரசர்க்கும் ஆண்டிக்கும் ஒக்கும் ஒரு பாடம் இதில் உண்டு. நுணுக்குக்காட்டி தன்முன் வைக்கப்பட்டதை மட்டுமே காணும்; எங்கிருந்து வெட்டி எடுத்தோம் என்பதைப் பொறுத்தே அதன் விடையும் அமையும்.

மற்றொரு குறை, காலம். இழையத்தை இரசாயனப் பொருள்களில் ஊறவைத்து, மெழுகிற் பதித்து, மெல்லிய தகடாகச் சீவிச் சாயமேற்றிப் பார்ப்பதற்கு நாட்கள் வேண்டும். மேசையிற் கிடக்கும் நோயாளி நாட்கணக்கிற் காத்திருக்க முடியுமா? இழையத்தை உறையவைத்தால் அது கெட்டியாகும். கெட்டியானதை உடனே சீவலாம். 1891இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் வெல்ச் என்னும் நோயியல் நிபுணர் இம்முறையைக் கையாண்டார். அவர் விடை கூறுமுன் சத்திரசிகிச்சையே முடிந்துவிட்டது என்பர்.

1905இல் மினெசோட்டா மாநிலத்து றொச்செஸ்டர் நகரில் வில்லியம் மேயோ என்ற புகழ்மிக்க சத்திரவைத்தியர், நோயாளி மேசையில் இருக்கும்போதே விடை வேண்டும் என்று தம் நோயியல் நிபுணரான லூயிஸ் வில்சனைக் கேட்டுக்கொண்டார். கடுங்குளிர் காலம். இழையத் துணுக்கைச் சாளரத்துக்கு வெளியே வைத்து உறையச் செய்து, மெல்லியதாகச் சீவி, மெதிலீன் நீலம் என்னும் சாயத்தில் தோய்த்துச் சில நிமிடங்களில் வில்சன் விடை கூறினார் என்பது அம்மருத்துவமனை மரபிற் பேணப்படும் செய்தி. அவ்வாண்டிலேயே அவர் தம் முறையை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் வழங்குவது, திருத்தம் பெற்ற இம்முறையே. இக்காலத்தில் விடை வர ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம் செல்லும்.

இவ்விடத்தில் வரலாற்று நூல்கள் வழக்கமாகக் கைகொட்டி மகிழ்ந்து அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றுவிடும். நாம் சற்றே நின்று, விரைந்து வந்த அந்த விடையைக் கேட்டவர் யார் என்று பார்த்தல் வேண்டும்.

ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் வெல்சின் சகபாடியாயிருந்தவர் வில்லியம் ஹால்ஸ்ரெட். மார்பகத்தோடு நெஞ்சின் தசைகளையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் ஒருங்கே அகற்றும் கடுஞ்சத்திரசிகிச்சையை வகுத்து, 1894இல் தம் அனுபவங்களை வெளியிட்டவர் அவர். அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அமெரிக்காவில் அதுவே சட்டம்போல் நின்றது. உறையவைத்து வெட்டிப் பார்க்கும் முறை இதனோடு கூடியபோது ஒரு வழக்கம் பிறந்தது. மார்பகத்திற் கட்டியொன்றைக் கண்டு அஞ்சி வரும் பெண், முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் இணங்கிக் கையொப்பம் இடுவாள். மயக்கமருந்து கொடுக்கப்படும். அவள் உறக்கத்தில் இருக்கும்போதே துணுக்கு வெட்டப்பட்டு, நோயியல் நிபுணரிடம் சென்று விடையுடன் மீளும். புற்றுநோய் எனில் அப்போதே மார்பகமும் தசையும் நீக்கப்படும். கண் விழித்துத் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தே அப்பெண் விடையை அறிவாள்.

விடை விரைவாகவே வந்தது. அது வைத்தியரின் காதுக்கு வந்தது. உடலுக்கு உரியவள் உறங்கிக்கொண்டிருந்தாள். அவ்விரைவே அவளது யோசனைக்கும் வினாவுக்கும் இடமில்லாமற் செய்தது. அறியும் உரிமை அக்காலத்தில் எவ்வளவு எளிதாக மறுக்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று போதும். பூச்சிகொல்லி மருந்துகளின் கேட்டினை உலகுக்கு எடுத்துரைத்த விஞ்ஞானி றேச்சல் கார்சன் அம்மையாருக்கு 1960இல் மார்பகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. நேராகக் கேட்டும், கட்டி புற்றுநோய் என்பது அவருக்கு அப்போது கூறப்படவில்லை. மாதங்கள் சென்ற பின், வேறொரு வைத்தியரை நாடிய பின்னரே அவர் உண்மையை அறிந்தார். 1964இல் மறைந்தார். நச்சுப் பொருள்களைப் பற்றி ஒரு நாட்டுக்கே உண்மை கூறிய பெண்ணுக்குத் தன் உடலைப்பற்றிய உண்மை மறைக்கப்பட்டது!

இந்த வழக்கத்தை மாற்றியது புதிய கருவி எதுவுமன்று. 1974இல் றோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், தம் மார்பகத்திற் கட்டியொன்றைக் கண்டபோது, முதலிற் சோதனை மட்டும் செய்க. விடையை நான் விழித்திருந்து கேட்டு முடிவுசெய்த பின்னரே சிகிச்சை நடைபெறலாம் என்று உறுதியாக நின்றார். அதற்கு இணங்கும் வைத்தியரைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவருக்குப் பெரும்பாடாயிற்று. 1975இல் அவர் இதனை நூலாக எழுதினார், கூட்டங்களிற் பேசினார், பெண்கள் பலர் உடன் சேர்ந்தனர். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாட்டுக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். சோதனையும் சிகிச்சையும் இருவேறு படிகளாக நடத்தல் வேண்டும் என்றும், ஹால்ஸ்ரெட்டின் கடுஞ்சத்திரசிகிச்சை இனிப் பொதுவிதியாக இருத்தலாகாது என்றும் அம்மாநாடு கருத்துரைத்தது. கத்தியின் கேள்விக்கு வந்த விடையைக் கேட்கும் உரிமை போராடிப் பெறப்பட்டதேயன்றி எவராலும் தானமாக வழங்கப்பட்டதன்று.

அப்போராட்டத்துக்கு விஞ்ஞானமும் துணைநின்றது. பேர்னாட் பிஷர் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியர் 1976இல் தொடங்கிய பரிசோதனையின் முடிவுகள் 1985இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்ச் சிகிச்சை அளித்தாலும், முழு மார்பகத்தையும் நீக்கினாலும், நோயாளிகள் உயிர்வாழும் விகிதத்தில் வேறுபாடில்லை என்பது அதனால் விளங்கிற்று. மார்பகத்தைக் காத்து நோயை மட்டும் நீக்கும் முறை பரவியது.

அதனுடன், நாம் முதலிற் கூறிய இரண்டாவது கேள்வி முன்னிலும் கூர்மை பெற்றது. எல்லாவற்றையும் வெட்டி எறிபவர்க்கு எல்லையைப் பற்றிய கவலை குறைவு. காக்க விரும்புபவரே எல்லையை அறியவேண்டும். வெட்டி எடுத்த துண்டின் விளிம்பில் நோய்க்கலங்கள் உள எனப் பின்னர் தெரியவந்தால், நோயாளி மீண்டும் மேசைக்கு வரவேண்டும். இங்கிலாந்தில் மார்பகத்தைக் காக்கும் சத்திரசிகிச்சை பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மறுமுறையும் கத்திக்கு உள்ளாயினர் என்று 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மார்பகம் பெரும்பாலும் கொழுப்பு. கொழுப்பு நன்கு உறைவதில்லை. மூளை இழையத்தை உறையவைத்தாலோ பனிப்பளிங்குகள் தோன்றிக் கலங்களின் வடிவைச் சிதைக்கும். வில்சனின் முறை எவ்விடங்களில் மிகவும் வேண்டப்பட்டதோ அவ்விடங்களிலேயே தடுமாறிற்று. வடிவத்தைப் பார்த்து அறிவதற்கு மேலாக வேறொரு வழி வேண்டியதாயிற்று.

அவ்வழி இரசாயனத்திலிருந்து வந்தது. ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கும்போதும் புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை மிகுதியாக விழுங்கி இலற்றிக்கமிலத்தை வெளியிடுகின்றன என்பதை ஜேர்மன் விஞ்ஞானி ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே கண்டறிந்தார். நோயுற்ற கலம் உருவத்தில் மட்டுமன்றித் தன் சமையலிலும் வேறுபட்டது என்பதே இதன் பொருள். வேகமாகப் பெருகும் கலங்கள் தம் மென்சவ்வைக் கட்டுவதற்குக் கொழுப்பு மூலக்கூறுகளை வேறு விகிதத்தில் ஆக்கிக்கொள்கின்றன. அம்மூலக்கூறுகளை எண்ணி நிறுக்க முடிந்தால், கலத்தைப் பாராமலே அதன் குணத்தைக் கூறிவிடலாம்.

மூலக்கூறை நிறுக்கும் தராசு, புற்றுநோயை எண்ணிப் பிறந்ததன்று. கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன் மின்னேற்றம் பெற்ற அணுக்களைக் காந்தப்புலத்திலும் மின்புலத்திலும் ஓடவிட்டு, நியன் வாயுவில் 20, 22 என்னும் இருவகைத் திணிவுகள் உள்ளன என்று 1913 அளவிற் காட்டினார். அவரிடம் பயின்ற அஸ்ரன் 1919இல் அதனைத் திருத்தமான கருவியாக்கினார். சுளகிற் புடைக்கும்போது நெல்லும் பதரும் வெவ்வேறிடத்தில் விழுவதுபோல, பாரமான துகளும் இலேசான துகளும் வெவ்வேறு பாதையிற் சென்று விழுகின்றன. இதுவே திணிவு நிறமாலைமானி.

இதே தத்துவத்தைப் பெரும் அளவில் விரித்து, அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் நகரில் யுரேனியச் சமதானிகளைப் பிரித்தெடுத்தனர். அந்த யுரேனியமே 1945 ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா மக்கள்மீது வீழ்ந்த குண்டினுள் இருந்தது. ஒரே அறிவு ஒரு நகரையும் எரிக்கும். ஒரு பெண்ணின் மார்பகத்தையும் காக்கும். எதற்கு என்பதை அறிவு தானே தெரிந்துகொள்வதில்லை. அதனை ஆளும் மனிதர் தெரிகின்றனர்.

நெடுங்காலம் இக்கருவிக்குள் செலுத்தப்படும் பொருளை வெற்றிடத்தில் வைத்து, பக்குவமாக ஆயத்தப்படுத்த வேண்டியிருந்தது. உயிருள்ள இழையத்தின் பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் மின்னேற்றும் வழிகளைக் கண்டமைக்காக அமெரிக்கரான ஜோன் பென்னும் ஜப்பானியப் பொறியியலாளரான கொயிச்சி தனகாவும் 2002இல் நோபெல் பரிசிற் பங்குபெற்றனர். இரண்டாண்டுகள் கழித்து, 2004இல், இந்தியானா மாநிலத்துப் பேர்டூ பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் கிரகம் குக்ஸ் குழுவினர் மற்றொரு படி ஏறினர். மின்னேற்றம் பெற்ற நுண்துளிகளைத் திறந்தவெளியில் ஒரு பொருளின்மீது தெளித்தால், அத்துளிகள் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளைக் கழுவி எடுத்துக்கொண்டு கருவியினுட் செல்கின்றன என்று அவர்கள் காட்டினர். வெற்றிடத்துக்குள் அடைபட்டிருந்த கருவி வெளியுலகைத் தொடத் தொடங்கிற்று. குக்ஸ் தென்னாபிரிக்காவிற் பிறந்தவர். அவ்வாய்வின் முதலாசிரியரான சொல்தான் தகாட்ஸ் ஹங்கேரி நாட்டவர்.

இத்தகாட்ஸ் பின்னர் ஜேர்மனியின் கீசன் நகரிற் பணியாற்றியபோது சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் பழக்கமான ஒரு பொருளின்மீது கண்வைத்தார். அது புகை. மின்சாரத்தால் இழையத்தை வெட்டி இரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கத்தியை முதன்முதல் பெயர்பெறக் கையாண்டவர் மூளைச் சத்திரவைத்தியர் ஹார்வி குஷிங்; நாள் 1926 ஒக்டோபர் 1; இடம் பொஸ்டனிலுள்ள பீட்டர் பென்ட் பிறிகம் மருத்துவமனை. கருவியை அமைத்தவர் வில்லியம் போவி. அதன் உரிமையை அவர் ஒரு டொலருக்கு விற்றுவிட்டார் என்பர். அன்றுதொட்டு அக்கத்தி வெட்டும்போதெல்லாம் புகை எழுந்தது. துர்நாற்றம் என்று உறிஞ்சி வெளியே தள்ளினர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் எறியப்பட்டுவந்த அப்புகையில், வெந்து ஆவியான இழையத்தின் மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள் உள்ளன என்பதைத் தகாட்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்டனர். புகைக்குழாயைத் திணிவு நிறமாலைமானியோடு இணைத்தால் போதும். வெட்டப்படுவது எது என்று புகையே சாட்சி சொல்லும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இக்கருவி ஐ-நைஃப் என்ற பெயரில் உருப்பெற்றது. 302 நோயாளிகளின் இழையங்களைச் சுட்டு, புற்றுநோயின் புகைக்கும் நல்ல இழையத்தின் புகைக்கும் உரிய கோலங்களைத் தொகுத்து ஒரு களஞ்சியம் அமைத்தனர். பின்னர் எண்பதுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளில் இணைத்துப் பார்த்தபோது, கருவி கூறியதும் பின்னர் நோயியல் நிபுணர்கள் கூறியதும் முற்றாக ஒத்தன என 2013இல் அறிவித்தனர். விடை மூன்று வினாடிக்குள் வந்தது. வெல்சுக்குச் சத்திரசிகிச்சை முடியுமட்டும் வேண்டியிருந்தது. வில்சனுக்குச் சில நிமிடங்கள். இங்கோ கத்தியின் அசைவோடு விடையும் வருகின்றது. மார்பக இழையத்தில் மட்டும் விரிவாகச் சோதித்தபோது அதன் திருத்தம் நூற்றுக்கு 90ஐச் சற்றே கடந்த அளவில் நின்றது என்று 2017இல் வெளியிட்டனர். முதற்செய்தியின் முழுவெற்றியை இதனோடு சேர்த்தே மதிப்பிடுதல் அறிவுடைமை.

குஷிங் அன்று வெட்டிய மருத்துவமனையின் வழிவந்த பொஸ்டன் மருத்துவமனையிலேயே மற்றொரு முயற்சி நடைபெற்றது. ஒருவகை மூளைக் கட்டிகளில் ஐடிஎச் எனப்படும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு விகாரமடைகின்றது என்பது 2008இல் அறியப்பட்டது. விகாரமுற்ற நொதியம் 2-ஐதரொட்சிகுளூட்டரேற்று என்னும் பொருளை மிகுதியாக ஆக்கிக் குவிக்கின்றது என்பது 2009இல் தெரியவந்தது. நல்ல மூளை இழையத்தில் அப்பொருள் மிக அரிது. எனவே அப்பொருள் எங்குண்டோ அங்கு நோயும் உண்டு. நதலி ஏகர் அம்மையார் குழுவினர், குக்ஸின் முறையைக் கொண்டு அதனைச் சில நிமிடங்களிற் கண்டறிந்து, கட்டியின் எல்லையைச் சத்திரசிகிச்சை நடக்கும்போதே அறியலாம் என 2014இற் காட்டினர். மூளையில் மிகுத்து வெட்டுவது என்பது ஒருவரின் சொல்லை, நினைவை, நடையை வெட்டுவது. ஒரு மூலக்கூறு இட்ட எல்லைக்கோடு அங்கு எத்துணை பெறுமதியுடையது!

சுடாமலும் வெட்டாமலும் கேட்கும் வழியையும் கண்டனர். பிரேசில் நாட்டிற் பிறந்து குக்ஸிடம் பயின்ற லிவியா எபர்லின் அம்மையார் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அமைத்த பேனா போன்ற கருவி, இழையத்தின்மீது ஒரு சிறு நீர்த்துளியை வைத்து, மூன்று வினாடிக்குப்பின் உறிஞ்சி எடுத்து நிறமாலைமானிக்கு அனுப்புகின்றது. 253 நோயாளிகளின் இழையங்களில் நூற்றுக்கு 96 அளவில் அது சரியாகக் கூறிற்று என 2017இல் வெளியிட்டனர். நெதர்லாந்தில் மற்றொரு குழுவினர் கொழுப்பை விடுத்து டி.என்.ஏ.யையே கேட்டனர். மூளைக்கட்டியின் டி.என்.ஏ. இழையை நுண்துளையூடே செலுத்தி, அதில் ஒட்டியிருக்கும் மெதைல் கூட்டங்களின் கோலத்தைக் கணினி வாசிக்கின்றது. 25 சத்திரசிகிச்சைகளில் 18இல் 90 நிமிடத்துக்குள் கட்டியின் இனத்தை அது சரியாகக் கூறிற்று. எஞ்சிய 7இல் போதிய உறுதியின்மையால் விடை கூறாது நின்றது. 2023இல் வெளிவந்த இச்செய்தியில் எம்மைக் கவர்வது அவ்வேழுமே. அறியாததை அறியேன் என்று கூறும் பணிவைக் கருவிக்கும் கற்பித்திருக்கின்றனர்.

இனி, இக்கருவிகளின் அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்போம். புகையின் கோலம் தானாகவே புற்றுநோய் என்று பேசுவதில்லை. ஒவ்வொரு துணுக்கையும் நுணுக்குக்காட்டியிற் பார்த்து, இது நோய், இது நலம் என்று நோயியல் நிபுணர் ஒருவர் முன்னரே கூறியிருக்கின்றார். கருவி அதனை மனப்பாடம் செய்திருக்கின்றது. தம் உடலின் துணுக்கை ஆய்வுக்கு ஈந்த நோயாளிகளின் கொடையும் அதனுள் உண்டு. மின்னற் கத்தியின் மூன்று வினாடிக்குப் பின்னால் விர்ச்சோவிலிருந்து வழிவழி வந்த கண்களின் உழைப்பு நிற்கின்றது. ஹங்கேரியரும் பிரேசிலியரும் தென்னாபிரிக்கரும் ஜப்பானியரும் கூடி ஆக்கிய பொருள் இது. உலகின் பொதுவுழைப்பிற் பிறந்தது. உடைமை மட்டும் பொதுவாகவில்லை. புகையை நிறுக்கும் முறையின் உரிமைகளை 2014இல் வோட்டர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஒரு திணிவு நிறமாலைமானியின் விலையோ சில இலட்சம் டொலர்.

மறுபுறம் உலகத்தின் நிலை யாது? புற்றுநோயாளர்களில் நூற்றுக்கு 25 பேருக்கும் குறைவானோரே பாதுகாப்பான, தாங்கத்தக்க செலவிலான, காலந்தாழ்த்தாத சத்திரசிகிச்சையைப் பெறுகின்றனர் என்று 2015இல் லான்செற் சஞ்சிகையின் ஆய்வுக்குழு மதிப்பிட்டது. உலக மக்களில் நூற்றுக்கு 47 பேருக்கு நோயறியும் சோதனை வசதிகள் சிறிதளவே உண்டு, அல்லது அறவே இல்லை என 2021இல் மற்றொரு குழு கூறிற்று. வில்சன் 1905இல் சாளரத்துக்கு வெளியே கண்ட விடையே இன்னும் வந்துசேராத ஊர்கள் எத்தனையோ உள. அங்கெல்லாம் கத்தி இன்றும் 1811இன் இருளிலேயே வெட்டுகின்றது. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலையோடு புகையிலையும் பாக்கும் மென்று நோயுறுவோர் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். நாவில் ஒரு விரற்கடை மிகுத்து வெட்டுவது அம்மனிதரின் பேச்சையும் உணவையும் பறிப்பதாகும். எல்லையை அறியும் கருவி யாருக்கு மிகவும் தேவையோ அவரிடமிருந்தே அது மிகத் தொலைவில் இருக்கின்றது.

சிலர், ஏழை நாட்டுக்கு இத்தகைய கருவி எதற்கு, முதலில் நோயியல் நிபுணரைப் பயிற்றுக என்பர். நோயியல் நிபுணர் இன்றிக் கருவியின் களஞ்சியம் இல்லை என்பதனால் அவர் கூறுவதில் உண்மை உண்டு. ஆயின் அதனையே காரணங்காட்டி, புதியது செல்வர்க்கும் பழையது வறியவர்க்கும் என்று நிரந்தரப் பங்கீடு செய்வதை நாம் ஏற்பதற்கில்லை. நுணுக்குக்காட்டியும் ஒருகாலத்தில் அரசரின் தொண்டைக்காகவே எடுக்கப்பட்டது. அது பொதுமக்களின் மருத்துவமனைக்கு வந்தது, அரசுகள் அதனைப் பொதுப்பணியாக ஏற்றதனாலும் மக்கள் கேட்டதனாலுமே.

உறையவைக்கும் முறையின் வரலாறு நமக்குக் கற்பித்த பாடமும் இதுவே. விடை விரைந்து வருவது வேறு. அது நோயாளிக்குப் பயன்படுவது வேறு. எழுபது ஆண்டுகள் அவ்விரைவு பெண்களை உறக்கத்திலேயே வைத்திருந்தது. அதனை நோயாளியின் நன்மைக்குத் திருப்பியவர்கள் விழித்தெழுந்த பெண்கள். மூன்று வினாடியில் விடை கூறும் கத்திக்கும் அதே விதிதான். எவ்வளவு வெட்டலாம், எதனை எவ்விலை கொடுத்தேனும் காக்கவேண்டும் என்பவற்றை, மயக்கமருந்து கொடுக்கப்படுமுன் நோயாளியிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே அக்கத்தி மூலக்கூறைக் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்கப்படும் உரிமை பணமுள்ளவருக்கு மட்டுமின்றி மேசையிற் கிடக்கும் எவருக்கும் உரியதாதல் வேண்டும். கத்தி இன்று கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டது. யாருக்காகக் கேட்பது என்பதைக் கற்பிக்கும் பொறுப்பு சமுதாயத்தினுடையது.